கோட்டைக்கு வெளியே ஓர் ஊர்

நுழையும்முன்

ஊரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கோயிலையும் கோட்டையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அவ்வூரார் வாழும் தெருக்கள் அவர்தம் பயணத்தில் இடம்பெறுவதில்லை. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் உள்ள சதுரங்கப்பட்டினத்தின் குடியிருப்புகளையும், அவற்றோடு ஒப்புநோக்கத்தக்க சென்னைக் குடியிருப்புகள் சிலவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆற்றுப்படை காட்டும் வழி

முன்பின் அறியாத ஊருக்குச் செல்பவருக்கு வழிகாட்டும் இலக்கியம் தமிழில் மிகப் பழைமையானது. பத்துப்பாட்டில் அவ்வகைக்கு ஆற்றுப்படை என்று பெயர். தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு வழி கூறுகிறது. அரண்மனை வாயிலை நோக்கி அவனை நேரே விரைந்து செல்லும்படி புலவர் சொல்லவில்லை. உப்பு வண்டி ஓட்டும் உமணரைக் கடந்து, எயினர் குடில், கோவலர் குடியிருப்பு, உழவர் ஊர், வலைஞர் குடியிருப்பு, அந்தணர் உறைவிடம் என ஒவ்வொன்றாக அழைத்துச் செல்கிறார். ஓரிடத்தில் பாலும் தினைச்சோறும் கிடைக்கும். மற்றோரிடத்தில் சுட்ட மீன் கிடைக்கும். வேறோரிடத்தில் மாவடு கிடைக்கும் என்று உணவையும் சேர்த்தே சொல்கிறார். கச்சிமாநகரின் பெருமை நூலின் பிற்பகுதியில்தான் வருகிறது.

இந்த வரிசை எண்ணிப் பார்க்கத்தக்கது. மன்னனின் வளத்தை அறிய வேண்டுமானால், அவ்வளத்தை உண்டாக்குவோரின் இல்லங்களை முதலில் காண வேண்டும் என்ற முறையிலேயே பாட்டு அமைந்துள்ளது. சிலப்பதிகாரமும் புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் எனக் குடியிருப்புகளால் பிரித்துக் காட்டுகிறது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் கைவினைஞரும் வணிகரும் வாழ்ந்தனர். அரசரும் பெருங்குடியினரும் பட்டினப்பாக்கத்தில் வாழ்ந்தனர். நூல் முதலில் காட்டுவது மருவூர்ப்பாக்கத்தையே.

பெரும்பாணன் நடந்த அதே தொண்டை நாட்டின் கடற்கரையில்தான் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவு. மாமல்லபுரத்தின் சிற்பத் தொகுதி 1984ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் பயணியர் பலர் அங்கேயே நின்றுவிடுகின்றனர். மேலும் தெற்கே வருவோருக்குக் கல்பாக்கம் என்ற பெயர் தெரிகிறது. அதன் அருகிலேயே இருக்கும் சதுரங்கப்பட்டினத்தைக் கேட்டறிந்து வருவோர் சிலரே.

கல்லில் நின்ற பெயர்கள்

இவ்வூருக்கு வாய்த்த பெயர்கள் பல. சம்புவராய மன்னர் இராசநாராயணரின் பெயரால் இது இராசநாராயணன்பட்டினம் என வழங்கியது. அவர் காலம் 14ஆம் நூற்றாண்டு. ‘பட்டினம்’ என்னும் ஈறே இது கடல் வாணிகம் நடந்த ஊர் என்பதைச் சொல்லிவிடுகிறது. இங்குள்ள திருமால் கோயிலில் இறைவனுக்கு மலைமண்டலப் பெருமாள் என்று பெயர். கல்வெட்டுகளில் மலைமண்டலம் என்பது சேரநாட்டைக் குறிக்கும் சொல். கீழைக் கடற்கரையில் நிற்கும் கோயிலொன்றில் மேலைக் கடற்கரை நாட்டின் பெயர் வழங்குவது, இத்துறைமுகத்தின் தொடர்புகள் எத்துணைத் தொலைவு பரந்திருந்தன என எண்ணச் செய்கிறது. ஐரோப்பியர் நாவில் இவ்வூர்ப்பெயர் ‘சட்ராஸ்’ எனச் சுருங்கியது. அச்சுருக்கம் இன்றும் உள்ளூர்ப் பேச்சில் வழங்குகிறது.

ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரர் 1602இல் கிழக்கிந்தியக் கும்பினியை நிறுவினர். சோழமண்டலக் கரையில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் ஆகிய இடங்களில் காலூன்றிய அவர்கள், 17ஆம் நூற்றாண்டிலேயே சதுரங்கப்பட்டினத்திலும் பண்டகசாலை அமைத்தனர். கடலை நோக்கி நிற்கும் செங்கற்கோட்டை அவர்கள் எழுப்பியது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அக்கோட்டைக்குள் இருப்பவற்றுள் பெரியவை சரக்கு வைக்கும் கட்டடங்களே. படைவீடு என்பதைவிடப் பெருங்கிடங்கு என்றே இக்கோட்டையைச் சொல்லத் தோன்றுகிறது.

கோட்டைக்குள் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கு மாண்ட ஒல்லாந்தரின் பெயர்களும் நாள்களும் அவர்தம் மொழியிலேயே கற்பலகைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. செதுக்குவேலை நுண்ணியது, உப்புக்காற்றில் இத்தனை ஆண்டுகள் நின்றும் எழுத்துகள் படிக்கும் நிலையில் இருக்கின்றன. கடல் கடந்து வந்து இவ்வூர் மண்ணில் மறைந்தவர்களின் பெயரை நாம் இன்று படிக்க முடிகிறது.

ஆனால் அக்கிடங்குகளில் என்ன இருந்தது? துணி இருந்தது. இவ்வூர் மெல்லிய மல்துணிக்குப் புகழ்பெற்றது. அத்துணியை நெய்தவர்களின் பெயர் கோட்டையில் எங்கும் இல்லை. அவர்களைத் தேட வேண்டிய இடம் கோட்டை வாயிலுக்கு வெளியே உள்ள ஊர்.

தறியும் தெருவும்

ஒல்லாந்தருக்குத் தமிழகத் துணி ஏன் தேவைப்பட்டது என்பதை அறிந்தால், நெசவுத்தெருவின் இடம் விளங்கும். அவர்கள் நாடிவந்த முதற்பொருள் துணி அன்று, கிராம்பும் சாதிக்காயுமே. அவை இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் விளைந்தன. அத்தீவினர் தம் நறுமணப் பொருளுக்கு மாற்றாகச் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளை விரும்பிக் கேட்டனர். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த சரக்குக்கு அங்கு அத்தகைய வரவேற்பில்லை. ஆகவே துணி இல்லாமல் நறுமணப் பொருள் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. ஆம்ஸ்டர்டாம் அங்காடியில் விற்ற சாதிக்காய்க்குத் தமிழக நெசவாளரின் உழைப்பும் ஒரு விலையாகக் கொடுக்கப்பட்டது. பின்னர் ஐரோப்பியரும் இத்துணிகளை விரும்பி உடுத்தத் தொடங்கினர்.

ஒரு துணியின் பின்னால் பல குடியிருப்புகள் இருந்தன. பெண்கள் தம் வீடுகளில் நூல் நூற்றனர். கைக்கோளர், சாலியர் முதலியோர் நெய்தனர். வண்ணார் வெளுத்தனர். சாயமிடுவோரும் துணியில் வண்ணம் தீட்டுவோரும் தனித்தனியே இருந்தனர். சிவப்புச் சாயத்திற்குரிய இம்பூறல் என்னும் சாயவேர் இக்கரையின் மணற்பாங்கான நிலங்களில் வளர்வது. நீலத்திற்கு அவுரி இருந்தது. வெளுப்பதற்கு நல்ல நீரும் வெயில் விழும் திறந்த வெளியும் வேண்டும். கடற்கரை ஊர்கள் துணித்தொழிலில் சிறந்ததற்கு அவற்றின் மண்ணும் காரணம், நீரும் காரணம்.

நெசவாளர் தெருவின் அமைப்பு தனித்தன்மை உடையது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழை பாவு. குறுக்கே ஓடும் இழை ஊடை. பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன் அதனை முழு நீளத்திற்கும் விரித்து, இழை இழையாகப் பிரித்து, கஞ்சி தோய்த்து உலர்த்த வேண்டும். இவ்வேலை வீட்டிற்குள் நடவாது. எனவே நெசவாளர் வாழும் தெரு வளையாமல் நெடிதாக ஓடும். இருபுறமும் வீடுகளை விட்டு நடுவே அகலமான வெளி இருக்கும். கடுவெயிலில் கஞ்சி விரைந்து காய்ந்து இழை முறியும் என்பதால் வைகறையிலும் காலையிலும் இப்பணி நடைபெறும். தெருவில் மரநிழல் இருப்பது பெரும் உதவி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு விரிக்க இயலாது. வேலை நின்றால் கூலியும் நின்றுவிடும். தெருவின் நீளமும் அகலமும் கொத்தனார் விருப்பப்படி அமைந்தவையல்ல. தறிதான் அவற்றை அளந்தது.

வீட்டிற்குள் இருக்கும் தறிக்கும் மண்ணோடு உறவுண்டு. நெசவாளர் தரையில் குழி தோண்டி, அதில் காலை வைத்து மிதிகட்டையை இயக்குவர். ஆதலால் அது குழித்தறி எனப்படும். தரையோடு ஒட்டியிருப்பதால் நூல் மண்ணின் ஈரத்தைப் பெறுகிறது. ஈரப்பதம் குறைந்தால் மெல்லிய இழை அறுந்துபோகும். கடற்காற்று படும் ஊர்களில் மெல்லிய துணி சிறந்தமைக்கு இதுவும் துணைநின்றது. இம்மாவட்டத்திற்கு அண்மையில் இவ்வமைப்பை நேரில் காண விரும்புவோர் காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்திற்குச் செல்லலாம். கோபுரம் காண வரும் பயணியர் பலர் அத்தெருக்களுக்கு வருவதில்லை. பட்டுச்சேலையை மட்டும் கடைத்தெருவில் வாங்கிச் செல்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

குப்பம் – கடற்கரையில் மீனவர் வாழும் சிற்றூர். பாக்கம் – கடற்கரை ஊர். பின்னர்ப் பொதுவாகச் சிற்றூர்ப் பெயர்களின் ஈறாகவும் வழங்கியது. பட்டினம் – கடல் வாணிகம் நடைபெறும் துறைமுக ஊர். பேட்டை – சந்தை அல்லது தொழில் சார்ந்து கோட்டைக்கு வெளியே அமைந்த குடியிருப்பு.

கும்பினிகள் தேடிச் சென்ற நெசவாளர்

நெசவாளர் எளியவர், கும்பினி வலியது. எனினும் நெசவாளரிடம் ஓர் ஆற்றல் இருந்தது. முன்பணம் கொடுத்த வணிகனோ, வரி தண்டும் அதிகாரியோ கொடுமை செய்தால் அவர்கள் தறியைக் கழற்றிக்கொண்டு வேறூருக்குப் புறப்பட்டுவிடுவர். தறி மரத்தால் ஆனது. குழியை எங்கும் தோண்டலாம். ஆகவே அவர்களைத் தம் எல்லைக்குள் குடியமர்த்த ஐரோப்பியக் கும்பினிகள் போட்டியிட்டன. அப்போட்டியின் சுவடுகளை இன்றைய சென்னையின் குடியிருப்புகளில் தெளிவாகக் காணலாம்.

திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை அவற்றுள் ஒன்று. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்க்கென அமைத்த குடியிருப்பு அது. காலெட்பேட்டை என்பது மக்கள் வழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆங்கிலேயப் பெயரொன்று தமிழ்ச் சொற்களாகவே மாறிப்போனதை உணராமல், அது எவருடைய காலடி எனத் தேடுவோரும் உண்டு. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் ஆற்று வளைவில் சுங்குராமர் என்ற வணிகரின் தோட்டம் இருந்த நிலத்தில் மற்றொரு குடியிருப்பு எழுந்தது. நூற்போர், நெய்வோர், வெளுப்போர், வண்ணம் தீட்டுவோர் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். சின்னத் தறிப்பேட்டை எனப்பட்ட அதனையே நாம் சிந்தாதிரிப்பேட்டை என்கிறோம். கும்பினித் துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை.

இம்மூன்று பெயர்களையும் பேருந்துப் பலகைகளில் நாள்தோறும் படிக்கிறோம். அவற்றின் பின்னே உள்ள தறியும் சலவைக்கல்லும் நினைவுக்கு வருவதில்லை. சதுரங்கப்பட்டினத்துக் கல்லறையில் ஒல்லாந்தர் பெயர் தனித்தனியே பொறிக்கப்பட்டது. நெசவாளரின் பெயர் தனித்தனியே நிற்கவில்லை; தொழிலின் பெயராகி ஊர் மேல் நின்றுவிட்டது.

கைமாறிய கோட்டை

கோட்டையின் பிற்கால வரலாறு சுருக்கமானது. 1781இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17ஆம் நாள் இக்கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரானும் ஆங்கிலேயத் தலைவர் எட்வர்டு ஹியூசும் பொருதனர். ஐரோப்பியர் இருதிறத்தார் தமக்குள் இட்ட அப்போருக்கு வரலாற்று நூல்களில் சட்ராஸ் போர் என்றே பெயர். பின்னர் மீண்டும் கைமாறிய ஊர், 1824இல் இலண்டனில் கையெழுத்தான ஆங்கிலேய – ஒல்லாந்த உடன்படிக்கையால் ஆங்கிலேயரிடம் நிலையாகச் சென்றது. அதே உடன்படிக்கையில் மலாக்காவும் சுமத்திராவின் பெங்கூலனும் கொடுக்கல் வாங்கலில் அடங்கின. இவ்வூரில் குடியிருந்தவர்களை எவரும் கேட்கவில்லை. எனினும் ஆள்வோர் மாறிய ஒவ்வொரு முறையும் இங்கேயே இருந்தவர்கள் அவர்களே.

குப்பமும் நகரியமும்

கோட்டையின் கிழக்கே மணல். மணலில் மீனவர் குடியிருப்பு. பயணிக்குக் கடற்கரை என்பது உலாவும் இடம். மீனவர்க்கு அது முற்றம், தொழிற்கூடம், அங்காடி, ஊர் கூடும் மன்றம் எல்லாம் ஆகும். விடியலில் படகு கரையேறும்போது மீன் ஏலம் நடக்கும். பகலில் வலை சீர்செய்யப்படும். மாலையில் ஊர்ப்பேச்சு நடக்கும். கட்டுமரம் இருந்த இடத்தில் இன்று கண்ணாடி இழைப் படகுகள் நிற்கின்றன. கடலுக்குச் செல்லும் நாள், வலையின் வகை, சண்டை வந்தால் தீர்ப்பு ஆகியவற்றை முடிவு செய்யும் ஊர்ப் பஞ்சாயத்து மீனவக் குப்பங்களில் வலிமையோடு இருக்கிறது. நெசவுத்தெருவைத் தறி அளந்தது போலக் குப்பத்தைப் படகும் வலையும் அளக்கின்றன. வீடுகளுக்கும் கடலுக்கும் இடையே வெறுமையாகத் தோன்றும் மணற்பரப்பு உண்மையில் படகு ஏற்றவும் வலை விரிக்கவும் கருவாடு உலர்த்தவும் ஒதுக்கப்பட்டது. அதனை ‘யாருக்கும் உரியதல்லாத இடம்’ என்று வெளியூரார் எண்ணுவதால் கடற்கரைகளில் பல வழக்குகள் எழுந்துள்ளன.

மேற்கே சென்றால் பக்கிங்காம் கால்வாய். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே தொடங்கப்பட்டுப் படிப்படியாக நீண்ட இந்நீர்வழி, 1877–78 பஞ்சக் காலத்தில் நிவாரணப் பணியாக விரிவாக்கப்பட்டது. அக்கால ஆளுநரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பசியோடு மண் சுமந்த மக்களின் பெயர் இங்கும் எழுதப்படவில்லை. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் ஒருகாலத்தில் இதன் வழியே சென்னைக்குச் சென்றன.

ஊரை ஒட்டியே முற்றிலும் வேறான ஒரு குடியிருப்பும் உள்ளது. கல்பாக்கத்தில் 1971இல் அணு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 1985இல் அதற்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984இலும் இரண்டாம் அலகு 1986இலும் வணிக அளவில் மின்சாரம் தரத் தொடங்கின. பணியாளர்க்காக எழுந்த நகரியத்தில் இந்தியாவின் பல மாநிலத்தார் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். திட்டமிட்ட சாலை, ஒரே வகை வீடுகள், பள்ளி, மருத்துவமனை எனச் சீராக அமைந்தது அது. ஒல்லாந்தர் விட்ட இடத்தில் மீண்டும் பன்மொழி ஒலிக்கிறது. இம்முறை அதற்குக் காரணம் துணியன்று, மின்சாரம்.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நகரியத்திலும் உயிர்கள் பறிபோயின. அண்டையிலுள்ள குப்பங்களிலும் இழப்பு ஏற்பட்டது. இயங்கிக்கொண்டிருந்த அணுமின் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இரு குடியிருப்புகளுக்கும் கடல் ஒன்றே என்பது அன்று தெரிந்தது.

விருந்தினர் நடை

பிறர் வாழுமிடத்தை வேடிக்கைப் பொருளாக்கலாமா என்ற வினா இங்கு எழுவது இயல்பு. மும்பையின் தாராவியில் கட்டணம் பெற்றுக் குடியிருப்புகளைச் சுற்றிக்காட்டும் வழக்கம் குறித்து நெடுநாளாக வாதம் நடக்கிறது. தோல், மண்பாண்டம், உணவுத் தொழில்களில் அங்குள்ள மக்கள் காட்டும் உழைப்பை வெளியார் அறிய இது உதவுகிறது என்கின்றனர் சிலர். வறுமையை விலைக்குக் காட்டுவது இழிவு என்கின்றனர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் 2007இல் தோன்றிய ‘ஜேனின் நடை’ என்னும் இயக்கம் இதற்கு ஒரு வழி கண்டது. நகரமைப்புச் சிந்தனையாளர் ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக நடைபெறும் அந்நடையில், தெருவில் வாழ்பவரே தம் தெருவைக் காட்டுவார்; கட்டணம் இல்லை. சென்னையிலும் 2004 முதல் கொண்டாடப்படும் சென்னை நாளையொட்டிப் பேட்டைகளில் நடைப்பயணங்கள் நிகழ்கின்றன.

நம் மரபு இதனினும் எளிது. ஆற்றுப்படைப் பாணன் செல்லும் இடமெல்லாம் விருந்தினன். கண்டுசெல்வோனாக மட்டும் அவன் நிற்கவில்லை. பாடுகிறான், உண்கிறான், நன்றி சொல்கிறான். அவன் பெற்ற செல்வத்தை மறையாமல் அடுத்தவனுக்கும் வழி சொல்கிறான். குப்பத்தில் விரித்திருக்கும் வலையை மிதியாமல் சுற்றிச் செல்வதும், பாவு நீட்டிய தெருவில் ஓரமாக ஒதுங்குவதும், திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் “ஐயா, இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர்?” என்று கேட்டு நிற்பதும் அந்நடையைச் சேர்ந்தவை. ஒப்புதல் பெறாமல் ஒருவர் வீட்டு வாயிலைப் படமெடுப்பது அதில் அடங்காது.

சதுரங்கப்பட்டினத்திற்குச் செல்லும் மாணவர்கள் கோட்டையைக் கடைசியில் பார்க்கலாம். கால்வாய்ப் பாலத்தில் தொடங்கி, பெருமாள் கோயிலையும் தெருக்களையும் கடந்து, குப்பத்து மணலில் படகு கரையேறுவதைக் கண்ட பின் கிடங்குகளுக்குள் நுழைந்தால், அவ்வெற்றுக் கூடங்களில் ஒருகாலத்தில் அடுக்கியிருந்தது என்ன, அது யார் கையிலிருந்து வந்தது என்பன தெரிந்திருக்கும். கல்லறைப் பலகையில் உள்ள ஒல்லாந்தப் பெயர்களையும் அப்போது எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் தொழிலின் பெயரால் வழங்கும் தெரு, பேட்டை, பாளையம் ஆகியவற்றைத் தொகுத்து, அத்தொழில் இன்றும் அங்கு நடைபெறுகிறதா என்பதை அங்கு வாழும் முதியோரிடம் கேட்டு எழுதுக.

2. நீங்கள் வாழும் தெருவுக்கு முதன்முறையாக வரும் ஒருவருக்கு ஆற்றுப்படை முறையில் ஒரு பக்க அளவில் வழி கூறுக.

3. ‘குடியிருப்புகளைச் சுற்றுலா இடங்களாக்குவது அங்கு வாழ்வோர்க்கு நன்மையே’ – வகுப்பறையில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.